பயண மூட்டை யாருடைய பொறுப்பு?



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் ஊட்டிப் பயணம் பற்றிய பேச்சு எழுந்துவிடும். குடும்பத் தலைவர் வாகனத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வார். பிள்ளைகள் நாட்களை எண்ணுவார்கள். மூட்டை கட்டும் வேலை மட்டும், எவரும் சொல்லாமலேயே, இல்லத்தரசியின் தலையில் வந்து விழும். அனைவருக்கும் உரிய உடை, உணவு, மருந்து என எல்லாவற்றையும் அவர் ஒருவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும், "அதை எடுத்து வைக்கவில்லையா?" என்ற கேள்வி அவரை நோக்கியே பாயும். திரும்பி வந்து மற்றவர்கள் களைப்பாறும் வேளையில், அழுக்குத் துணி மூட்டையை அவர் அவிழ்ப்பார். அவருக்கு அது உல்லாசப் பயணமா, அடுப்படி இடம் மாறியதா? சிந்தித்துப் பாருங்கள்.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இடம்பெற்றுள்ளது. மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையும் ஹதீஸில் உண்டு. தலைமை என்பது ஏவுவது அன்று. பொறுப்பைப் பகிர்ந்தளித்து முன்நின்று செய்வதாகும்.

ஆகவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, இஷா தொழுகைக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை பட்டியல் எழுதட்டும். ஐந்து வயதுக் குழந்தையும் தன் தொப்பி, துண்டு, தண்ணீர்க் குடுவை ஆகியவற்றைச் சிறு பையில் சுமக்கலாம். மூத்தவர் டார்ச் விளக்குக்கும் குடைகளுக்கும் பொறுப்பேற்கட்டும். மகன் தன் ஆடைகளைத் தானே மடித்து வைக்கட்டும்; அது தங்கையின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்று தன் பையைக் கட்டப் பழகாதவன், நாளை தன் மனைவியின் சுமையை எங்ஙனம் உணர்வான்?

இனி, எவற்றை எடுத்துச் செல்வது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்த்த குழந்தை மேலே நடுங்குவது இதனால்தான். கம்பளிச் சட்டை, காது மூடும் குல்லாய், காலுறை ஆகியவை வண்டியின் அடியில் கிடக்கும் பெட்டிக்குள் இருந்து பயனில்லை. கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். கோடையிலும் பிற்பகலில் மழை பெய்வதுண்டு. குழந்தைகளுக்கு ஒரு சோடி மாற்றுடை தனியே இருக்கட்டும்.

மலைப்பாதையின் வளைவுகளில் பல குழந்தைகளுக்கு வாந்தி வரும். வயிறு முட்ட உண்ணச் செய்யாமல் எளிய உணவு கொடுங்கள். புத்தகமோ கைபேசியோ பார்க்க விடாமல், தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய துண்டும் காகிதப் பையும் அருகில் இருக்கட்டும்.

விடியற்காலையில் சமைத்த இறைச்சிப் பிரியாணியைச் சூட்டோடு மூடி, நண்பகல் கடந்து உண்பது நம்மிடையே உள்ள பழக்கம். பல மணி நேரம் வண்டிக்குள் கிடக்கும் சோறும் இறைச்சியும் வயிற்றைக் கெடுக்கும். வழியுணவாக இட்லி, சப்பாத்தி, பழம், வறுத்த கடலை போதும். இல்லத்தரசிக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ற அளவு என்னவென்று மருத்துவரிடம் கேட்டு, புட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அவசியம். அது கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்கலாம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகம் முழுவதும் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. நீலகிரியில் சோதனை இன்னும் கடுமை. சிறிய தண்ணீர் பாட்டில்களும் அனுமதிக்கப்படுவதில்லை. எவர்சில்வர் குடுவையும் துணிப்பையும் கொண்டு செல்லுங்கள். நாம் வீசும் பிளாஸ்டிக்கை யானையும் மானும் உணவோடு விழுங்கிவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றியும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் மிகுந்த தாவரவியல் பூங்காவிலும் படகுத் துறையிலும் குழந்தை கைநழுவக்கூடும். தந்தையின் தொலைபேசி எண் எழுதிய சீட்டை அதன் சட்டைப்பையில் வையுங்கள்.

ஒரு துப்பட்டியும் உளூச் செய்ய ஒரு செம்பும் மறவாதீர்கள். நம் ஊரிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கியது. பயணியின் சுருக்கத் தொழுகை பற்றி உங்கள் மத்ஹபின் சட்டத்தை முன்னரே ஆலிமிடம் கேட்டறிந்து, பிள்ளைகளுக்கும் விளக்குங்கள். மார்க்கம் தரும் சலுகையின் அருமையை அவர்கள் நேரில் காண்பார்கள்.

திரும்பி வந்தபின் அவரவர் பையை அவரவரே அவிழ்க்க வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலின் இறுதியில் எழுதிவிடுங்கள். பட்டியலில் எல்லாரும் அடிக்கடி மறந்துவிடுவது இந்த ஒன்றைத்தான்.

இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் நலமாக அமையட்டும். பிள்ளைகளின் தாய்க்கும் அது பயணமாகவே அமையட்டும். வஸ்ஸலாம்.