மலைமேல் ஒரு ஸோப்புக் கட்டி

சென்ற ஸீஸனில் கொடைக்கானல் போயிருந்தபோது நமக்கு ஒரு சிறு அவமானம் நேர்ந்தது. கீழேயிருந்து பத்திரமாகத் துணி சுற்றிக் கொண்டு போயிருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் காலையில் எடுத்துக் கவிழ்த்தோம், குலுக்கினோம், அடியிலே தட்டினோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்து போய், "இங்கே உன் ஜம்பம் சாயாது" என்று சொல்வதுபோல் உட்கார்ந்திருந்தது.

தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறைந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள அந்த ஊரில், கோடைக் காலத்துக் காலை வேளையிலும் அவ்வளவு வெப்பம் ஏது? சரி, போகட்டும் என்று ஸ்நான அறைக்குள் சென்றால் அங்கே வேறொரு சங்கடம். நம் ஊர்க் கிணற்று நீரில் அரை மணி தேய்த்தாலும் நுரைக்க மறுக்கும் அதே ஸோப்பு, மலைத் தண்ணீரில் கைபட்டவுடனே பொங்கி வழிந்தது. எத்தனை செம்பு விட்டாலும் வழுவழுப்புப் போகவில்லை. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்ஸியமும் மக்னீஷியமும் ஸோப்புடன் சேர்ந்து நுரையைக் கெடுத்து, பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைக் கசடாகப் படிகின்றன. மலை நீரில் அந்த உப்புக்கள் குறைவு. ஆகையால், ஊரில் நாம் 'சுத்தம்' என்று நினைத்துக் கொண்டிருந்த அந்தக் கரகரப்பு வெறும் கசடுதான் என்ற ஞானோதயம் நமக்கு அங்கே ஏற்பட்டது.

கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து மலை உச்சிக்கு சுமார் ஐம்பது மைல் தூரம். இந்த ஐம்பது மைலுக்குள்ளேயே நம் எண்ணெயும் ஸோப்பும் நமக்கு அந்நியமாகிவிடுமானால், கடல் கடந்து குடியேறுகிறவர்களின் பாடு என்ன ஆகும் என்று யோசித்துக் கொண்டே கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம்.

ஏழு ரோடு சந்திப்புக்கு அருகில் ஒரு கடையில், வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி நின்று கொண்டிருந்தாள். குழந்தையை அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு இங்கேயே சில வருஷம் தங்கப் போகிறவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஸோப்பு. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இதுவும் நல்ல ஸோப்புத்தான் அம்மா, எங்கள் வீட்டிலே இதுதான்" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து உபசாரம் செய்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு கட்டியையும் முகர்ந்து பார்த்து, பணிவாகத் தலையை அசைத்து, திருப்பி வைத்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ கட்டியை முகர்ந்தபோது சட்டென்று கண்ணை மூடிக் கொண்டாள். அந்த ஒரு கணம் அவள் கொடைக்கானலில் இல்லை. எந்த ஊரில், யாருடைய வீட்டில் இருந்தாளோ! கண்ணைத் திறந்ததும், இருந்த பன்னிரண்டு கட்டிகளையும் வாங்கிக் கொண்டாள். கடைக்காரருக்கு வியாபாரம் ஆன சந்தோஷம். நமக்கு என்னமோ, அயலாருடைய கடிதத்தைப் படித்துவிட்டாற்போல் கூச்சமாயிருந்தது.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்யதை இல்லை. நமக்குத் தெரிந்த ஓர் அத்தை, பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்பட்டபோது, பெட்டியில் பாதி இடம் சீயக்காய்ப் பொடிக்கும் பயத்தம் மாவுக்கும் கஸ்தூரி மஞ்சளுக்கும் போயிற்று. "அங்கே இல்லாத ஸோப்பா, அத்தை?" என்று கேட்டோம். "ஸோப்பு இருக்குமடா. பிறக்கிற குழந்தையின் மேல் நம் வீட்டு வாசனை இருக்க வேண்டாமா?" என்றாள். நமக்குப் பதில் தோன்றவில்லை. சிங்கப்பூர் ஸெராங்கூன் சாலையிலும், லண்டன் ஈஸ்ட் ஹாமிலும், டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் உள்ள நம்மவர் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சீயக்காய்ப் பொட்டலமும் சந்தன ஸோப்பும் அடுக்கியிருப்பதற்குக் காரணம் இந்த அத்தை சொன்னதுதான்.

கொடைக்கானல் என்ற ஊரே இத்தகைய ஏக்கத்தில் பிறந்ததுதான். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள், வெயிலும் வியாதியும் தங்கள் குடும்பங்களைச் சூறையாடுவதைத் தாங்காமல் பழனி மலைமேல் ஏறி, 1845-ஆம் ஆண்டில் 'ஸன்னிஸைட்', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பிற்பாடு 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். 1901-ல் மிஷனரிக் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் மோட்டார் செல்லும் மலைப்பாதை திறக்கும் வரையில், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குறுகலான மலைவழிதான். துரைகளும் துரைசானிகளும் குதிரையிலோ நாற்காலியிலோ டோலியிலோ ஏறினார்கள். அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் கூலியாட்களின் தலைமேல் ஏறிற்று. பங்களாக்களின் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மேலே ஒரு சுமை ஏறும்போது, அதே மலையிலிருந்து வேறொரு சுமை கீழே இறங்கிக் கொண்டிருந்தது. அம்மலையின் பூர்வ குடிகளாகிய பளியர்கள் காட்டில் சேகரித்த தேனும் சீயக்காயும் சமவெளிச் சந்தைகளுக்கு வந்தன. கீழே நாம் மலைச் சீயக்காயைத் தேய்த்து முழுகினோம். மலைமேல் குடியேறியவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வரும் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். அவரவருக்கு அவரவர் அழுக்கைப் போக்க அவரவர் வஸ்துதான் வேண்டும் போலும்!

ஆனால் வஸ்துக்கள் மனிதரைப்போல் பிடிவாதக்காரர்கள் அல்ல. அவை சுலபமாக நாடு மாறிவிடுகின்றன. 'ஷாம்பூ' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். சீமையிலிருந்து வந்த நாகரிகம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கும் அந்தச் சொல், பிசைந்து பிடித்துவிடுதல் என்று பொருள்படும் ஹிந்திச் சொல்லிலிருந்து போனது. பாட்னாவில் 1759-ல் பிறந்த தீன் மஹமது என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் கடற்கரையில் ஸ்நான விடுதி வைத்து, இரண்டு அரசர்களுக்கு 'ஷாம்பூ வைத்தியர்' என்ற பட்டத்தோடு விளங்கினார். நம்முடைய எண்ணெய்த் தேய்ப்பு கப்பலேறிப் போய், நூறு வருஷம் கழித்துப் புட்டியில் அடைபட்டு நம்மிடமே விலைக்கு வந்தது. அந்தப் புட்டியையும் வாங்க இயலாதவர்களுக்காகச் சிறு பொட்டலத்தில் அடைக்கும் யோசனையைப் பிரசித்தமாக்கியவர் நம் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன். இன்று மலைக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் அப்பொட்டலம் தோரணமாகத் தொங்குகிறது. கிழித்தெறிந்த காகிதம் சோலைக் காட்டு ஓடைகளில் மிதப்பது அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்.

ஸோப்பின் கதையும் அப்படியே. முதல் உலக யுத்தத்தால் சந்தனக் கட்டையின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் மனந்தளர்ந்து உட்கார்ந்து விடவில்லை. சந்தனத்தைத் தைலமாக்கினார்கள், தைலத்தை ஸோப்பாக்கினார்கள். 1918-ல் கோத்ரெஜ் கம்பெனியார் மிருகக் கொழுப்பு சேராமல் தாவர எண்ணெயிலேயே ஸோப்புச் செய்து காட்டினார்கள். அந்நாளில் சுதேசி ஸோப்பை வாங்குவது தேசத் தொண்டு. அதே சந்தன ஸோப்பை இன்று கடல் கடந்த தமிழர் பெட்டியில் வைத்துக் கொண்டு போகிறார்கள். அது தேசத்தையே ஒரு கட்டியாகச் சுருட்டிக் கொண்டு போகும் தந்திரம்.

இம்மட்டும் இனிப்பாகவே இருந்தது. இனிச் சற்றுக் கசப்பு.

கொடைக்கானலில் முதல் அமெரிக்க பங்களா எழுந்ததற்கு மறு வருஷம், 1846-ல், அமெரிக்காவில் தெரான் பாண்ட் என்ற மருந்து வியாபாரி ஒரு மூலிகைச் சத்தைத் தயாரித்தார். அவர் பெயரால்தான் 'பாண்ட்ஸ்' கிரீம் நம் வீட்டுக் கண்ணாடி அலமாரி வரையில் வந்தது. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி, வாஸலைன் செய்த செஸ்பரோ கம்பெனியுடன் ஒன்றாயிற்று. அக்கூட்டு நிறுவனம் பாதரஸத் தெர்மாமீட்டரும் செய்து வந்தது. 1980-களின் ஆரம்பத்தில் நியூயார்க் மாகாணத்திலிருந்த அத்தொழிற்சாலை பெயர்க்கப்பட்டு, எங்கே வந்தது தெரியுமா? கொடைக்கானலுக்கு, பாம்பாற்றுச் சோலையின் விளிம்புக்கு. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் கிரீமும் ஸோப்பும் செய்யவில்லை. ஆனால் நம் முகத்துக்கு மினுமினுப்பு விற்ற அதே பெயரை நம்பித்தான் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குச் சென்றார்கள். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரஸம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊராரும் சூழல் காப்பாளரும் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரஸக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. கம்பெனியார் தொழிலாளர் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்றே சொல்லி வந்தார்கள். தொழிலாளரோ விடாமல் வழக்காடினார்கள். 2015-ல் சென்னையைச் சேர்ந்த ஸோபியா அஷ்ரப் என்ற பெண் பாடிய பாட்டு உலகமெல்லாம் பரவி அவர்கள் குரலைக் கொண்டு சென்றது. 2016-ல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் சமரசம் ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் அளவு பற்றியோ வழக்கு நீண்டது: கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரஸம் வரை இருக்கலாம் என்பது ஒரு கட்சி, சோலையை ஒட்டிய மண்ணுக்கு அது அதிகம் என்பது மறுகட்சி.

அந்நிய நாட்டில் பழகின வஸ்து எங்கே கிடைக்கும் என்று தேடுவது மனித சுபாவம். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு மறுபாதி இருக்கிறது. அந்த வஸ்துவைச் செய்கிறவன் அந்நிய நாட்டில் எப்படி நடந்து கொள்கிறான்? தன் ஊரில் தன் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டத் துணியாததை நம் மலையில் விட்டுவிட்டுப் போகலாமா? புட்டியிலுள்ள பெயர் எவ்வளவு பரிச்சயமானதானாலும் இதைக் கேட்கத்தான் வேண்டும். சுதேசிக் கம்பெனியானாலும் இதே கேள்விதான். கழிவுக்குத் தேசாபிமானம் கிடையாது.

பாதரஸம் தொழிற்சாலையில் மட்டும் இல்லை என்பதையும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லி வைக்கிறோம். தோலை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் சில கிரீம்களிலும் ஸோப்புக்களிலும் அது கலக்கப்படுகிறது. தோல் வழியே உடம்பில் ஏறி மூத்திரக் காயைக் கெடுக்க வல்லது. 2023-ல் கேரளத்து வைத்தியர்கள், இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களிடம் ஒருவகை மூத்திரக்காய் நோயைக் கண்டு எழுதினார்கள். இந்தியா ஏற்றுக் கொண்டிருக்கும் மினமாட்டா ஒப்பந்தம் அழகு சாதனங்களில் பாதரஸத்தை ஒழிக்கச் சொல்கிறது. வளைகுடா நாட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ உறவினர் அன்போடு கொண்டு வந்து கொடுக்கும் டப்பாவானாலும், செய்தவர் பெயரும் விலாசமும் சேர்மானப் பட்டியலும் அதன்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் 'மெர்க்குரி' என்றோ 'கலோமெல்' என்றோ இருந்தால் தொடவே வேண்டாம். பட்டியலே இல்லையென்றால் அதைவிடச் சந்தேகம். அன்பை ஏற்றுக் கொண்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துவிடலாம். நம் நிறத்தோடு நாம் இத்தனை காலம் பழகியிருக்கிறோமே, அதைவிடப் பரிச்சயமான அழகு சாதனம் வேறு எது?

நிற்க. மலையிலிருந்து இறங்கும் நாளன்று எண்ணெய்ப் புட்டியைப் பையின் ஓரத்தில் செருகி வைத்தோம். வத்தலக்குண்டு வந்து சேருமுன் அது தானாக உருகி, மூடி வழியாகக் கசிந்து, மடித்து வைத்த வேஷ்டி முழுவதையும் நனைத்துவிட்டது. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது கொடைக்கானல் யூகலிப்டஸ் தைலத்தின் மணத்தை எதிர்பார்த்து வந்த குழந்தைகள், "இது நம் வீட்டு வாசனைதானே!" என்று ஏமாற்றத்துடன் திரும்பிப் போனார்கள். நமக்கென்னவோ அந்த வாசனை, முதல் தடவையாக, வெகு தூரத்திலிருந்து வந்தது போலிருந்தது.