பொதுக்குடிலும் பொறுப்புணர்வும்

நுழையும்முன்

பலர் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்குதல் எளிது. பலர் சேர்ந்து அதனைக் காத்தல் அரிது. பிரித்தானிய நகரங்களின் சிறு தோட்டங்களில் நிற்கும் கண்ணாடிக் குடில், பொதுப்பொருளைக் காக்கும் நெறியைச் சிந்திக்க வைக்கிறது.

நிலமற்றோர் தோட்டம்

தொழிற்புரட்சியால் நகரங்களில் குடியேறிய உழைப்பாளர் பலர்க்குக் காய்கறி விளைவிக்க ஒரு முழம் நிலமும் இல்லை. அக்குறையைப் போக்க, சிறுநிலம் ஒதுக்கித் தரும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய உள்ளாட்சி மன்றங்களுக்கு வலியுறுத்தியது. முழு அளவில் ஏறத்தாழ 250 சதுர மீட்டர் கொண்ட அந்நிலத்தை ‘அலாட்மென்ட்’ என்பர். இரண்டாம் உலகப்போரில் உணவு இறக்குமதி குன்றியபோது, இத்தோட்டங்கள் அந்நாட்டு மக்களின் அடுக்களைக்குத் துணைநின்றன.

ஒரு கூரையின்கீழ்

குளிர்நாடாகிய அங்கு மே மாதத்திலும் உறைபனி விழுவதுண்டு. எனவே தக்காளி, வெள்ளரி போன்றவற்றின் விதைகளைப் பசுமைக்குடிலுக்குள் முளைக்கவைத்து, பனி நீங்கியபின் வெளியே நடுவர். சிலர் அறுவடைவரை உள்ளேயே வளர்ப்பர். தனிக்குடில் அமைக்கப் பொருள்வசதி இல்லாதோர் கூடிப் பொதுக்குடில் அமைக்கும்போது பயனும் தொடங்குகிறது, பூசலும் தொடங்குகிறது.

வெள்ளரி வெப்பமும் ஈரமும் மிக்க காற்றை விரும்பும்; தக்காளிக்கோ நல்ல காற்றோட்டம் வேண்டும், ஈரம் மிகுந்தால் பூசணம் பற்றும். ஆகவே ஒருவர் திறந்த சன்னலை மற்றொருவர் அடைப்பார். ஒருவர் கொணர்ந்த செடியிலுள்ள வெள்ளை ஈ அனைவர் செடிகளுக்கும் பரவும். மாலையில் கதவை அடைக்க ஒருவர் மறந்தால், ஓர் இரவுப் பனியில் எல்லார் நாற்றும் கருகும்.

நல்லெண்ணம் போதுமா?

பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் கால்நடையைப் பெருக்க, இறுதியில் நிலமே பாழாகும் என்றார் அமெரிக்கச் சூழலியல் அறிஞர் காரெட் ஆர்டின் (1968). தனியுடைமையோ அரசின் கட்டுப்பாடோதான் தீர்வு எனப் பலரும் கருதினர். எலினார் ஆசுட்ரம் இதனை மறுத்தார். பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்த இடங்களில் பொதுவளம் நூற்றாண்டுகள் நிலைத்ததை அவர் சான்றுகளுடன் காட்டினார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் சிற்றூரில், குளிர்காலத்தில் தம்மால் தீனியிட இயலும் அளவுக்கே மாடுகளைப் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்னும் விதி 1517ஆம் ஆண்டே இருந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி ஆசுட்ரமே.

எழுதிய விதி நட்பைக் கெடுக்கும் என்பார் உளர். உண்மை அதற்கு மாறானது. விதி இல்லாத இடத்தில் உரக்கப் பேசுபவரே விதியாகிறார்; அமைதியானவர் இடம் இழக்கிறார். குடிலில் ஒவ்வொருவர்க்கும் உரிய இடத்தை அளந்து, ஆண்டுதோறும் குலுக்கலில் ஒதுக்கலாம். அப்பருவத்திற்குரிய பயிரைக் கூடிப் பேசி முடிவுசெய்யலாம். கதவடைப்பதற்கும் நீர் ஊற்றுவதற்கும் முறைப்பட்டியல் இடலாம். தவறியவரை முதலில் அழைத்துச் சொல்லவேண்டும். தொடர்ந்து தவறினால் மட்டுமே இடத்தைக் குறைக்கவேண்டும்.

நம் மண்ணின் சான்று

இந்நெறி நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகிறது. அவ்வாரியங்களில் எல்லார்க்கும் இடமளிக்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும், கணக்குக் காட்டாதவர் குடவோலை முறையில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்னும் விதி இன்றும் போற்றத்தக்கது.

பொதுக்குடில் சிதைந்தால் வசதியுள்ளோர் தமக்கெனத் தனிக்குடில் அமைத்துக்கொள்வர். இழப்பு முழுவதும் வசதியற்றோர்க்கே. பள்ளி நூலகத்திற்கும் ஊர்க் குளத்திற்கும் விளையாட்டுத் திடலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். எனவே பொதுப்பொருளைக் காத்தல் பண்பு மட்டுமன்று, எளியோர்க்கு நாம் செய்யும் நீதியுமாகும். அந்நீதி நல்லெண்ணத்தில் பிறக்கிறது. அனைவரும் கூடி வகுத்த விதியால் வாழ்கிறது.