காரியவட்டமும் ஆடவர் கூடைப்பந்தும்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில், இந்திய விளையாட்டு ஆணையத்தின்கீழ் இயங்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985-இல் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் உருவாகும் இடம் அது. ஆனால் கேரளக் கூடைப்பந்து என்றதும் நினைவுக்கு வருவது மகளிர்தான். கோட்டயத்தின் கீது அன்னா ஜோஸ் இந்திய அணிக்கே தலைமை தாங்கினார். ஆடவர் ஆட்டத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

ஒரு கல்லூரி ஆடவர் அணி எவ்வளவு உயரலாம் என்பதற்கு அமெரிக்காவில் சான்று உண்டு. 1950-இல் நியூயார்க் நகரக் கல்லூரி, கட்டணமின்றிப் படித்த எளிய வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே, ஒரே பருவத்தில் அந்நாட்டின் இரு பெரும் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டங்களையும் வென்றது. மறு ஆண்டே சூதாட்ட ஊழலில் அந்த அணி சிதைந்தது. பணத்தாசை காட்டுவோரிடமிருந்து மாணவரைக் காப்பதும் கல்லூரியின் பொறுப்பே.

மாணவரின் உடலைக் காப்பதும் அவசியம். கூடைப்பந்தின் 28 மீட்டர் நீள ஆடுகளத்தில் ஓட்டமும் திடீர்த் திருப்பமும் ஓயாது. ஈரச் சிமெண்ட் தரையில் கணுக்கால் பிசகிவிடும். இரு பருவமழை காணும் திருவனந்தபுரத்தில், அரசுக் கல்லூரி ஆடுகளங்களுக்குக் கூரை போடுவதே அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.