செருப்பு வெளியே, வைரஸ் உள்ளே!

அடி அண்ணாமலை கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற அதே பக்தியோடு கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்குள்ளும் நுழைகிறார்கள் மாணவர்கள். நல்லது. சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவை யார் கழற்றுவது?

தூசியை விட அதுதான் ஆபத்து, சாமி! 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் உலகம் முழுக்கப் பல லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. அது பரவிய வழிகளில் பென் டிரைவும் ஒன்று.

அடுத்த கொடுமை, மெயிலை மூடாமல், பாஸ்வேர்டையும் பிரவுசரிலேயே சேமித்துவிட்டு எழுந்து போவது. அதை எடுத்து ஆடுகிறவர்களுக்கு எல்லாம் விளையாட்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவைப் படித்தால் சிரிப்பு வராது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'லேப் போனால் என்ன, அரசுதான் 2011-லேயே இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே' என்பார்கள். எல்லார் கைக்கும் வந்துவிட்டதா என்ன? கிரிவலப் பாதை கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேர பிராக்டிகல்தான் கம்ப்யூட்டர். அவள் உட்காரும்போது மவுஸைக் காணோம், பக்கத்து சிஸ்டத்தில் யாரோ சினிமா டவுன்லோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நெட் நகரவில்லை. அவளுக்கு இனி அடுத்த வாரம்தான்.