தோடியா, ஃபிரிஜியனா? பேரை ஒழுங்காப் போடுவோம்!



போன வாரம் ஆண்டு விழா நிகழ்ச்சிப் பட்டியலை ஒட்டினாங்க. என் பேருக்கு நேரே "தோடி ராகம் – உகுலேலே" என்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள யாரோ அதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, "தோடியைக் கொல்லாதே" என்று எழுதிவிட்டார்கள். எழுதினது யாருன்னு நான் தேடல. ஆனா பதில் சொல்லாம இருக்க முடியல.

உகுலேலேயைப் பார்க்காதவர்களுக்காக: கிடாரின் குட்டி மாதிரி இருக்கும், நாலே நரம்பு. சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா வாங்கி வந்தது. 1879-ல் மதீரா தீவில் இருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறிய போர்த்துக்கீசியர்கள் ஒரு சின்ன வாத்தியத்தைக் கொண்டு போனாங்க. அதில் இருந்து பிறந்ததுதான் இது. தீவுக்காரங்க வாத்தியம் பாம்பன் தீவுக்கு வந்ததில் என்ன தப்பு?

நான் வாசிச்சது, மேல்நாட்டார் ஃபிரிஜியன் என்று சொல்லும் சுர வரிசை. ஆர்மோனியத்தில் 'ஈ' கட்டையை 'ச'வாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் அழுத்திக்கொண்டே போனால் அது வந்துவிடும். நம்ம கணக்கில் அதே சுரங்கள் 72 மேளகர்த்தாவில் 8-ஆவது, அனுமத்தோடி. (அனுமன் பேர் இருக்கே, நம்ம ராமேஸ்வரத்து ராகம்னு பெருமைப்பட்டுறாதீங்க! கடபயாதி முறையில் 'ஹ'வுக்கு 8, 'ந'வுக்கு 0. திருப்பிப் போட்டா 08. எண் வரணும்னு முன்னால ஒட்டின பேர் அது.)

மூணு சுரத்தை ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவதுதான் கார்ட். உகுலேலேயில் விரலே வைக்காமல் மீட்டினால் வரும் ஜி, சி, ஈ, ஏ நாலும் இந்த வரிசையிலேயே இருக்கு. அதனால வேலை சுலபம். ஈ மைனர், எஃப் மேஜர் ரெண்டையும் மாத்தி மாத்தி மீட்டினாலே போதும். எஃப் மேஜரில் இருந்து ஈ மைனருக்கு இறங்கும்போது 'ரி'யில் இருந்து 'ச'வுக்கு அரைப்படிதான் தூரம். அந்த இறக்கத்தில் ஒரு சோகம் வரும் பாருங்க! ஆனா சி மேஜரில் கொஞ்ச நேரம் நின்னுட்டோம்னா கதை முடிஞ்சது. அதே கட்டைகள்தான், ஆனா காது 'சி'யை 'ச'வா எடுத்துக்கிட்டு சங்கராபரணத்துக்கு ஓடிப்போயிரும். முதல் ஒரு வாரம் எனக்கு அதுதான் நடந்துச்சு.

எங்க தெருவில் நாதஸ்வரம் வாசிக்கிற தாத்தா ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "நல்லா இருக்கு பாப்பா. ஆனா இது தோடி இல்ல" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. பிறகு அவரே பாடிக் காட்டினார். தோடியில் 'க' ஒரு இடத்தில் நிக்காது, ரிக்கும் மவுக்கும் நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும். என் ஈ மைனரில் அதே 'க' ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. தோடியில் 'ப'வைத் தொடாமலே போற பிடிகள் நிறைய உண்டு. என் கார்டிலோ 'ப' எப்பவும் கூடவே ஒலிக்குது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேள் என்றார். கேட்டேன். அதுக்குப் பிறகு என் வாசிப்பைத் தோடின்னு சொல்ல எனக்கே வாய் வரல.

ஆகவே சிவப்புப் பேனாக்காரர் சொன்னதில் பாதி சரி. பேர் தப்பு, அதை ஒத்துக்கிறேன். சுரம் ஒண்ணா இருந்தா ராகம் ஒண்ணாயிடாது.

ஆனா "அந்த வாத்தியத்தை மேடையில் ஏத்தாதே" என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வயலின் எங்கிருந்து வந்துச்சு? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை நம்ம இசைக்குக் கொண்டு வந்தார். நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் சமஸ்தான வித்துவானா இருந்தார். மாண்டலினும் வெளிநாட்டுச் சரக்குதானே? யு. சீனிவாஸ் அதே மெட்டுக்கம்பிகள் மேலே நரம்பை இழுத்து கமகம் கொண்டு வந்தார். என் நைலான் நரம்பை இழுத்தால் அவ்வளவு அசையாது, சட்டுனு ஓசையும் அடங்கிரும். அதனால இது தோடியோட போட்டி போட முடியாது. கார்ட் போடுவது இதோட சொந்த வேலை. அதை அது நல்லாவே செய்யுது. அதை ஏன் தடுக்கணும்?

பட்டியலை எழுதும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். புதுத் தாளில் "ஃபிரிஜியன் சுர வரிசையில் கார்ட்ஸ் – உகுலேலே" என்று வரும். எனக்கு முன்னால் அந்த நாதஸ்வரத் தாத்தா அஞ்சு நிமிஷம் தோடி வாசிக்க ஒத்துக்கிட்டார். சிவப்புப் பேனாக்காரர் தயவுசெய்து முன் வரிசையில் வந்து உட்காரவும். நான் சி மேஜரில் நின்னுட்டா கையைத் தூக்குங்க!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி