ஒழுகும் லயங்கள்

மழை தொடங்கினால் பதுளைத் தோட்டங்களில் லயங்கள் ஒழுகும். தகரத்தில் ஓட்டை, சுவரில் வெடிப்பு, குளிக்கும் மூலையில் பெயர்ந்த சீமெந்து. “அவர்களே திருத்திக்கொள்ளலாமே” என்கின்றனர் சிலர். யாருடைய வீட்டை ஐயா?

1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. தலைமுறைகளாகக் குடியிருப்போரில் பெரும்பாலோருக்கு அவ்வறை இன்றும் சொந்தமில்லை. பிறர் சுவருக்குத் தன் கூலியைப் பூசுபவர் எவர்?

பழைய காரையைச் சுரண்டாமல் மேலே பூசினால் அடுத்த மழையில் பெயரும் என்பது எந்த மேசனுக்கும் தெரியும். ஆட்சியாளர்களுக்குத்தான் தெரியவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டும் மக்கள் லயங்களிலேயே விடப்பட்டனர். 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து அவர்களைப் புதைத்தது.

தகரமும் சீமெந்து மூட்டையும் நிவாரணம் மட்டுமே. பாதுகாப்பான நிலத்தில் வீடும், குடியிருப்போர் பெயரில் காணி உறுதியும் கொடுங்கள். ஒழுக்கை அவர்களே அடைப்பார்கள்.