பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர்கள்

கிராமத்தில் ஒருவர் காலமானால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லிவைக்கத் தமிழர்களிடம் பல முறைகள் உண்டு. நடுகல் மிகப் பழையது. ஒப்பாரி நேற்றுவரை ஊருக்கு ஊர் இருந்தது. சுவரொட்டி, பிளக்ஸ், படத்திறப்பு, நாளிதழ் நினைவஞ்சலி, வானொலி மரண அறிவித்தல் என்று காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறிவந்திருக்கிறது. இவற்றுள் சாதாரண மனிதரின் வாழ்க்கையை மிக விரிவாகப் பதிவுசெய்வது, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'கல்வெட்டு' என்று வழங்கும் சிறு நூல். பிள்ளைகள் கலிபோர்னியாவின் சன்னிவேலில் இருக்க, பெற்றவர்கள் ஊரில் கண்மூடும் இந்நாளில் அதன் தேவை கூடியிருக்கிறது.

நடுகற்கள் பெரும்பாலும் ஆநிரை கவரும், மீட்கும் பூசலில் மாண்டவர்களுக்கு எழுந்தவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் கிறித்து பிறப்பதற்கு முந்திய காலத்தது. இறந்தவன் பெயரும் அவன் மாண்ட ஆகோள் என்னும் ஆநிரைப் பூசலும் அதில் இருக்கின்றன. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதிக் கற்களை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அப்பகுதி எடுத்தனூர்க் கல்லில், முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் இருந்தது என்று கல் சொல்கிறது. மன்னன் பெயர் ஆண்டுக் கணக்குக்காக வருகிறது. நாயின் பெயரோ அதன் செயலுக்காகவே வெட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டு கடந்தும் அந்த ஊராரின் நன்றியுணர்வு நெஞ்சைத் தொடுகிறது.

உழுது, நாற்று நட்டு, வயதாகி இறந்தவர்களுக்கு நடுகல் எழவில்லை. அவர்களைச் சொன்னது பெண்களின் ஒப்பாரி. இழவு வீட்டு வாசலை மிதிக்கும்போதே உறவுக்காரப் பெண் மாரில் அடித்துக்கொண்டு குரலெடுப்பாள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொள்வார்கள். தலையோடு தலை சேர்த்து வட்டமாக உட்கார்வார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். பிறந்த ஊரிலிருந்து ஆள் வந்து இறங்கும்போதெல்லாம் ஓய்ந்த அழுகை மறுபடி எழும்பும். தாய்க்கு அழும் மகள், அம்மா செய்த சீரில் தொடங்கி, இனி அந்த வீட்டில் தனக்கு யார் ஒரு வாய் தண்ணீர் தருவார் என்பது வரை பாட்டிலேயே கொட்டிவிடுவாள். மு. அருணாசலம் 1943இல் வெளியிட்ட 'காற்றிலே மிதந்த கவிதை', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' ஆகியவை வாய்மொழிப் பாடல்களை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடித் தொகுப்புகள். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, அழும் பெண்கள் செத்தவரைவிடத் தங்கள் கதியற்ற நிலையையே பாடுகிறார்கள் என்று காட்டினார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் அவர் நூலை வெளியிட்டது. அவர் சொல்வது பெருமளவு சரி. ஆனாலும் அந்தப் புலம்பலுக்குள் வீட்டின் வரவு செலவு, பங்காளிச் சண்டை, யார் யாருக்குச் சோறு போட்டார் என்ற கணக்கு எல்லாம் வந்துவிடும். எழுதத் தெரியாத பெண்கள் வைத்திருந்த குடும்ப வரலாறு அதுதான். கூலிக்கு ஒலிபெருக்கியில் ஒப்பாரி வைக்கும் குழுக்கள் வந்தபின் அந்த வரலாறு போய்விட்டது. எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டு.

சாவுச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெற்கே துட்டி என்றும் வேறு பக்கங்களில் கேதம், இழவு என்றும் வழங்கும் இந்தச் செய்தியை வெயிலில் நடந்தே போய்ச் சொல்வதும், சாவுக்குப் பறையடிப்பதும் சாதியின் பெயரால் தலித் மக்கள்மேல் சுமத்தப்பட்ட வேலைகள். காட்டுமன்னார்கோவில் பகுதியில் தலித் தலைவர் எல். இளையபெருமாள் போன்றவர்கள் இந்த வேலைகளை மறுக்கும்படி மக்களைத் திரட்டினார்கள். மற்றவர்களின் சாவை ஊருக்கெல்லாம் அறிவித்தவர்களின் சொந்தச் சாவு, பெரும்பாலும் சேரியைத் தாண்டிப் பேசப்பட்டதில்லை. சுடுகாட்டுக்குப் பாதைகூட எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், தனியார் நிலத்தின் வழியே போக முடியாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஊரார் நினைவைப் பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவைக்க முடியாது.

இப்போது தமிழ்நாட்டுக் கிராமத்தில் மரணம் முதலில் பிளக்ஸாகத்தான் கண்ணில் படுகிறது. மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். முதியவர்களின் தோற்றத் தேதி ஆதார் அட்டைக்காகக் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும். அதற்கும் கீழே மகன், மருமகள், பேரன், பேத்தி பெயர்கள். அவர் என்ன செய்தார் என்பதற்கு இடமே இல்லை. சுயமரியாதைக் குடும்பங்களின் படத்திறப்பு இதைவிட எவ்வளவோ மேல். சடங்கு இல்லாமல், படத்தைத் திறந்துவைத்து, உடன் பழகியவர்கள் எழுந்து ஆளுக்குக் கொஞ்சம் பேசுவார்கள். பேச்சோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

யாழ்ப்பாணத்துக் கல்வெட்டு அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்னும் சடங்குகள் நடக்கும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது ஆளுக்கொரு நினைவு மலர், அதாவது இந்தக் கல்வெட்டு நூல், கையில் கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்குள் எழுதி அச்சடித்துவிட வேண்டும். அட்டையில் 'சிவமயம்', படம், குத்துவிளக்கு. உள்ளே முதலில் திதி வெண்பா: இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கு வரிக்குள் அடைத்த செய்யுள். அடுத்த ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்க அது போதும். பிறகு தேவாரமும் திருவாசகமும். அதன்பின் வாழ்க்கை வரலாறு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று தனித்தனிச் செய்யுள்கள். ஊர்ப் புலவரோ தமிழாசிரியரோ எழுதித் தருவார். இறந்தவரைப் பாடும் பழைய சரமகவி மரபின் தொடர்ச்சி இது. கோயில் தர்மகர்த்தா சபை, பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் இரங்கலுரைகள் தொடரும். பல மலர்களில் வம்சாவளி இருக்கும். கடைசியில் நன்றி நவிலல்.

கிறித்தவக் குடும்பங்களும் இப்படி மலர் வெளியிடுவதுண்டு. எல்லா மலரும் நன்றாக இருப்பதில்லை. பலவற்றில் எவர் பெயரையும் பொருத்திவிடக்கூடிய புகழ்ச்சியே நிறைந்திருக்கும். நல்ல மலர்களைப் படித்தால் ஒரு கிராமத்தின் நூறு ஆண்டு தெரியும். மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்சனுடன் திரும்பி வந்து கல்வீடு கட்டியவர். புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்தவர். எந்த ஆண்டு எந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார் என்ற விவரத்தோடு ஓர் ஆசிரியர். வாசிகசாலைக்குக் காணி எழுதிக்கொடுத்தவர். 1995 அக்டோபர் இறுதியில் போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில் தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். இத்தகையவர்களுக்கு அரசு ஆவணத்தில் பிறப்பும் இறப்பும் தவிர வேறு பதிவு பெரும்பாலும் கிடையாது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் அழிந்தன. மலர்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நூறு, இருநூறு வீட்டு அலுமாரிகளில் கிடந்ததால் பல தப்பின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணகம் அவற்றைத் தேடிப் பிரதியெடுத்து, நினைவு மலர்களுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது.

மலருக்கு ஒரு மாதம் இருக்கிறது; செய்தி அன்றே போக வேண்டும். இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்கள் அதற்குப் பயன்பட்டன. பின்னர் 'உதயன்' போன்ற நாளிதழ்கள். இன்று இணையத் தளங்கள். வாசகம் மட்டும் மாறவே இல்லை: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு தாய் என்று உறவு முழுதும் வரும். யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியிலிருந்து மக்கள் 1990இல் போரால் இடம்பெயர்ந்தார்கள். அதன் துறைமுகம் அவர்களிடம் திரும்பியது 2017இல். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டும் முகாமிலோ கொழும்பிலோ டொரோண்டோவிலோ இறந்த மயிலிட்டிக்காரரின் அறிவித்தல் மயிலிட்டியையே பிறப்பிடமாகச் சொல்லிவந்தது. போக முடியாத ஊர் அங்கே பெயரோடு இருந்தது.

சன்னிவேல் தமிழர்களில் பெரும்பாலோர் கணினித் தொழிலுக்காக வந்தவர்கள். இந்தியா, இலங்கை நேரம் இங்கே கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி முன்னே இருக்கிறது. ஊரில் விடியும்போது வரும் சாவுச் செய்தி இங்கே முந்தின நாள் மாலையில் போனில் வந்து விழும். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறி, கிராமம் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிவிடும். மகன் வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பல பிள்ளைகள் கொள்ளி வைப்பதை வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறார்கள். 2021 மே 4 முதல், இந்தியாவில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்புவோருக்குத் தடை வந்தபோது எச்1பி விசாக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் தாய் தந்தையரை வழியனுப்பினார்கள். கொரோனா கிராமங்களைச் சூறையாடிய மாதங்கள் அவை. அந்தச் சாவுகளுக்கு ஊரிலும் கூட்டம் இல்லை, ஒப்பாரி இல்லை, பதினாறாம் நாள் பந்தி இல்லை. பேசப்படாமலே போன வாழ்க்கைகள் அதிகம் அந்த ஆண்டில்தான்.

ஊருக்குப் போக விடுப்பும் வேண்டும். கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் இறப்பு விடுப்பாக ஐந்து நாள் தர வேண்டும் என்று சட்டம். கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, மாமனார் மாமியார் ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமன் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா கையில் வளர்ந்தவருக்கு இது பெரிய அநீதி. நிறுவனம் ஆதாரம் கேட்டால் இறப்புச் சான்றிதழ்தான் என்றில்லை, வெளியான இரங்கல் அறிவிப்பும் செல்லும் என்று அதே சட்டம் சொல்கிறது.

சன்னிவேலும் ஒரு காலத்தில் விவசாய ஊர்தான். பாதாமி (ஏப்ரிகாட்), செர்ரிப் பழத் தோட்டங்களும், 1907 முதல் 1985 வரை இயங்கிய லிபி பழப்பதனத் தொழிற்சாலையும் அதன் வாழ்வாக இருந்தன. ஊரின் மரபுப் பூங்காவில் பத்து ஏக்கர் பாதாமித் தோட்டமும் அருங்காட்சியகமும் அந்த வாழ்வை இன்றும் காட்டுகின்றன.

இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஜூமில் நினைவேந்தல் நடத்துகின்றன; அடுப்பு மூட்டாத வீட்டுக்கு நண்பர்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். அந்தப் பூங்கா தோட்ட வாழ்வைக் காத்துவைப்பதுபோல ஊரில் வாழ்ந்தவரின் வாழ்வைக் காத்துவைக்க, இத்துடன் ஒரு மலரும் சேர வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் அந்த வழக்கம் பரவலாக இல்லை. அதற்கு வேண்டிய செய்தி ஊரில் மூன்று நான்கு பேரிடம் இருக்கும்: கூடப் படித்தவர், பக்கத்து வயல்காரர், கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட அத்தை. முதல் மாதத்தில் அவர்கள் தாங்களாகவே பேசுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்தக் கிணறு யார் காலத்தில் வெட்டியது, முதல் பம்ப்செட் எப்போது வந்தது, எந்தப் பஞ்சத்தில் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்கள், கல்யாணத்துக்கு என்ன போட்டார்கள், எந்தக் கடனை எப்படி அடைத்தார்கள் என்று கேட்டுப் பேச்சைப் பதிவுசெய்தால் பத்துப் பக்கம் தானாகத் தேறும். பெண்களின் வாழ்க்கையை "அன்பே உருவானவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பல மலர்களில் காணும் பெருங்குறை. களையெடுப்பு, பால் மாடு, சீட்டுப் பணம், பேறுகாலம் பார்த்தது என்று அவர்கள் செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

திதியையும் மறக்காமல் குறித்துவைக்க வேண்டும். இறந்த இடத்தின் நேரப்படி அமைந்த திதியே கணக்கு. ஆண்டுதோறும் அந்தத் திதி சன்னிவேலில் எந்த நாள் பிற்பகலில் இருக்கிறதோ அன்று இங்கே திவசம். ஊரில் செய்யும் நாளுக்கு அது ஒரு நாள் முன்னதாகவும் விழலாம் என்பதால் ஊர்த் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோயில் குருக்கள் இவ்வூர்ப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். அச்சிட்ட மலரில் சில பிரதிகளை ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் கொடுத்துவைக்கலாம். ஈழத்துக் குடும்பமானால் நூலகம் ஆவணகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். அங்கே ஏறிய மலரை எந்த நாட்டிலிருந்தும் கட்டணமின்றிப் படிக்கலாம்.